இணக்கி

எண்ணெயும் நீரும் கலவா என்பதை யாவரும் அறிவர். எவ்வளவு குலுக்கினும், சிறிது நேரத்தில் எண்ணெய் மேலாகவும் நீர் கீழாகவும் பிரிந்து நிற்கும். பிளாஸ்டிக் வகைகளுள் பெரும்பாலானவற்றின் இயல்பும் இத்தகையதே.

பிளாஸ்டிக், பலபடி என்னும் பொருளால் ஆயது. சிறு மூலக்கூறுகள் பல, கண்ணி கண்ணியாகக் கோக்கப்பெற்று நெடுஞ்சங்கிலியாய் அமைவதே பலபடியாகும். தனித்து இயங்கும் சிறு மூலக்கூறுகள் ஒன்றனிடையே ஒன்று எளிதிற் பரவும். சங்கிலியாய்ப் பிணிக்கப்பட்டவை அங்ஙனம் பரவுதல் அரிது. ஆதலின், இருவகைச் சங்கிலிகளிடையே சிறு வேற்றுமை இருப்பினும், அவை தத்தம் இனத்தோடு கூடி ஒதுங்கிவிடும்.

பாலுறைகள் பாலிஎத்திலீனால் செய்யப்பெறுகின்றன. புட்டி மூடிகள் பல பாலிபுரோப்பிலீனால் செய்யப்பெறுகின்றன. இவ்விரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை, உடன்பிறந்தார் போன்றவை. ஆயினும், உருக்கிக் கலந்தால் ஒன்றனுள் மற்றொன்று துளித்துளியாய்ப் பிரிந்து நிற்கும். கலவை ஆறி இறுகியபின் துளிகளின் எல்லையில் போதிய பற்று இராது. இழுத்தால் அவ்வெல்லையிலேயே பிளவு தோன்றிப் பொருள் முறியும். குப்பையிலிருந்து இவற்றைத் தனித்தனியே பிரித்தலும் எளிதன்று. இரண்டும் நீரினும் இலேசானவை. நீரிலிட்டால் இரண்டுமே மிதக்கும்.

இவ்விடரைக் களையும் பொருளே இணக்கி எனப்படும். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். அதுபோலவே, இணக்கியின் சங்கிலியில் ஒரு பகுதி ஒரு பலபடியோடும், மறுபகுதி மற்றதனோடும் உறவு கொள்ளும். ஆதலின் அஃது இரண்டன் எல்லையிற் சென்று தங்குகிறது. அதனால் துளிகள் மிக நுண்ணியவாகின்றன; அவை மீண்டும் ஒன்றுகூடிப் பெருப்பதும் தடைப்படுகிறது. இரு துணிகளைத் தைத்த நூல்போல, இணக்கி இரு பக்கத்தையும் பற்றி நிற்கிறது. துளிகள் மறைந்துவிடுவதில்லை; பிரிந்திருந்தும் பிணைப்புண்டு இருக்கின்றன.

2017ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறிஞர்கள், இவ்விரு பலபடிகளும் மாறி மாறி நான்கு பகுதிகளாய் அமைந்த சங்கிலி ஒன்றினைப் பற்றி வெளியிட்டனர். நூற்றுக்கு ஒரு பங்கு அதனைச் சேர்த்த அளவிலேயே, எளிதில் முறிந்த கலவை நன்கு நீளும் உறுதிப் பொருளாயிற்று.

எனினும், இணக்கி ஒன்றே எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தாது. ஒவ்வோர் இணைக்கும் ஏற்றதொன்றைத் தேர்ந்து அமைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் எளிதில் மக்குவதன்று. பயனற்றதென எறியப்படும் கலப்புக் குப்பை உறுதியான பொருளாக மீளுமாயின், மண்ணுக்கும் நீருக்கும் நேரும் கேடு அந்த அளவுக்குக் குறையும். எல்லையில் நிற்கும் சிறு பொருள் ஆற்றும் தொண்டு பெரிது.