நேற்று இருந்தபடியே: பந்தய சைக்கிளும் அதன் மெக்கானிக்கும்

பெரும்பாலும் ஜூலை மாதத்தில் பிரான்சில் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், இரண்டு ஓய்வு நாள்கள் இடையிட்ட 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து முடிகிறது. ஓர் அணிக்கு எட்டு வீரர்கள் என்பது 2018 முதலான கணக்கு. செய்தித்தாள்களில் இடம்பெறுபவை அந்த எட்டுப் பெயர்களே. மூன்று வாரமும் அவர்களுடைய சைக்கிள்களைப் பராமரிக்கும் மெக்கானிக்குகள் தொலைக்காட்சியில் தென்படுவது ஏதேனும் பழுது நேரும்போது மட்டும், அதுவும் சில நொடிகளுக்கு. அணியில் உள்ள மற்ற அனைவரும் நேற்றைவிட இன்று விரைவாக இருக்க வேண்டும் என்று பாடுபட, மெக்கானிக் ஒருவரே சைக்கிள் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறார். வீரர் காலையில் ஏறி அமரும்போது எந்த வேறுபாடும் அவருக்குத் தோன்றக் கூடாது. தோன்றினால் அது மெக்கானிக்கின் தோல்வி.

கட்டம் முடிந்து வீரர்கள் விடுதிக்குள் சென்ற பிறகு, அதன் வாகன நிறுத்துமிடத்தில் இவ்வேலை தொடங்குகிறது. சக்கரங்கள், டயர்கள், காற்றழுத்தக் கருவி ஆகியவற்றைச் சுமந்து வரும் அணியின் லாரியே பட்டறை. முதல் வேலை கழுவுதல். விளம்பரதாரரின் பெயர் பளிச்சிட வேண்டும் என்ற கணக்கும் இதில் உண்டு என்றாலும், கழுவுதல் உண்மையில் ஒரு பரிசோதனையே. இன்றைய பந்தய சைக்கிளின் சட்டகம், கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி உருவாக்கப்படுவது. எஃகு முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும்; கார்பனோ பெரும்பாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. முந்தைய விழுதலில் ஏற்பட்ட மயிரிழை விரிசல் சேற்றுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியில் மறைந்திருக்கலாம் என்பதால், கடற்பஞ்சைப் பிடித்த கை சட்டகத்தின் ஒவ்வொரு குழாயையும் தடவிச் செல்லும்போது கண்ணும் விரல் நுனியும் சேர்ந்தே தேடுகின்றன.

சேறு நீங்கிய பிறகு சங்கிலி. சங்கிலி "நீள்கிறது" என்று சொல்வது வழக்கம் என்றாலும், உண்மையில் உலோகம் இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் தேய்வதால் ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் நுண்ணிய இடைவெளி கூடிக்கொண்டே போய், மொத்த நீளம் மிகுகிறது. இந்தத் தேய்மானம் அரை சதவீதத்தைத் தொடும்போதே, அதற்கென உள்ள அளவுகோல் அதைக் காட்டிவிடும். அதற்கு மேலும் விட்டுவைத்தால், நீண்ட சங்கிலி பல்சக்கரத்தின் பற்களையும் தின்றுவிடும். எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய பாரஃபின் மெழுகில் சங்கிலியை முக்கி எடுக்கும் முறை அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது; ஆறி இறுகிய மெழுகில் தூசி எளிதில் ஒட்டுவதில்லை. அடுத்து, நம் ஊர் சைக்கிள் கடைகளில் "கோட்டம் எடுப்பது" என்று சொல்லப்படும் வேலை: கம்பிகளின் இறுக்கத்தைத் திருத்திச் சக்கரத்தை நேராகச் சுழலச் செய்வது. கியரை மாற்றுவது இன்று கம்பி அன்று, சிறு மின்மோட்டார் என்பதால், மின்கலத்துக்கு மின்னேற்றுவதும் இரவு வேலைகளில் சேர்ந்துவிட்டது. திருகுகளைக் கைக்கணக்கில் முறுக்கும் காலமும் போய்விட்டது. முறுக்கு விசையை அளந்து காட்டும் சாவியால்தான் அவை முறுக்கப்படுகின்றன, ஏனெனில் அளவுக்கு மீறிய இறுக்கம் கார்பனை நொறுக்கிவிடும்.

இவை அனைத்தையும்விட நுட்பமானது அளவு. இருக்கையின் உயரம், அது பெடல் அச்சுக்கு எவ்வளவு பின்னால் உள்ளது, ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்ந்துள்ளது ஆகியவை மில்லிமீட்டர் கணக்கில் ஒவ்வொரு வீரருக்கும் குறித்துவைக்கப்பட்டுள்ளன. ஒருவருடைய மாற்று சைக்கிள்கள் எல்லாம் அந்தக் கணக்கிலேயே அமைக்கப்படுகின்றன. ஒரு நாளில் பல்லாயிரம் முறை சுழலும் காலுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவு அன்று. 1950களின் நடுவில் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மான்யி கால் வலியால் அவதிப்பட்டபோது, இளம் மெக்கானிக்கான எர்னெஸ்டோ கொல்னாகோ அவருடைய சைக்கிளைப் பார்த்து, பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் என்னும் ஆப்பு சரியாகப் பொருத்தப்படாததால் தண்டு கோணியிருப்பதைக் கண்டறிந்தார். வலி உடலில் இருந்தது. கோளாறு இரும்பில் இருந்தது. அந்த ஓர் ஆப்பின் பயனாக, 1955ஆம் ஆண்டின் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்துக்கு மான்யியின் அணியுடன் செல்லும் வாய்ப்பு கொல்னாகோவுக்குக் கிடைத்தது. பின்னாளில் சைக்கிள் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற அவர், பந்தயத்தின் நடுவிலேயே சாவியை எடுத்து இருக்கை உயரத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் கொண்ட எட்டி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில், ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கான சாதனையை முறியடிக்க ஓட்டிய சைக்கிளையும் உருவாக்கினார்.

பந்தயத்தில் மெக்கானிக்கின் உதவியைப் பெறுவதே தொடக்கத்தில் விதிமீறலாகக் கருதப்பட்டது என்பதை இன்று நம்புவது கடினம். 1913ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸில், பைரனீஸ் மலைத்தொடரின் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜேன் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவடு முறிந்தது. பூட்டுத் தொழில் பழகியிருந்த அவர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிளைத் தூக்கி நடந்து, சாந்த் மரி டி காம்பான் என்னும் ஊரின் கொல்லன் உலையில் தம் கையாலேயே அதைச் சரிசெய்தார். ஆனால் துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன். பிறர் உதவி பெற்ற குற்றத்துக்காகப் பத்து நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. பந்தயத்தை நிறுவிய ஹென்றி தெக்ரான்ஜின் கொள்கை அப்படி: சைக்கிள் வெல்லக் கூடாது, மனிதன் வெல்ல வேண்டும். கியர் மாற்றும் கருவிக்கே 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இரு புறமும் பல்சக்கரம் கொண்ட பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு மேடேறினர்.

டயரைப் பற்றி மெக்கானிக்குகளிடையே நடக்கும் விவாதத்துக்கு முடிவே இல்லை. பல பத்தாண்டுகளாகப் பந்தயத்தில் பயன்பட்டது டியூபுலர் எனப்படும் வகை: டியூபை உள்ளே வைத்துத் தைத்து, முழுவதையும் ரிம்மின் மேல் பசையால் ஒட்டிவிடுவது. பசையைப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூசி, டயரை இழுத்து ஒட்டி நடுக்கோட்டில் நிறுத்துவது ஒரே நாளில் முடியாத வேலை. மெக்கானிக்கின் தரத்தை இந்த ஒட்டுவேலையைக் கொண்டே மதிப்பிட்டனர். 2003 ஜூலை 14 அன்று டூர் டி பிரான்ஸில் காப் நகரை நோக்கிய இறக்கத்தில், வெயிலில் தார் உருகிய சாலையில் ஜோசெபா பெலோகியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, அவர் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஒட்டுதலின் மீது எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருந்தது என்பதற்கு அந்தக் காட்சி சான்று. மோட்டார் சைக்கிள்களில் நமக்குப் பழகிய டியூப்லெஸ் டயர் இன்று அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டது; உள்ளே ஊற்றப்படும் பால் போன்ற திரவம் சிறு துளைகளைத் தானே அடைக்கிறது. டயரின் அகலமும் 23 மில்லிமீட்டரிலிருந்து 28, 30 என்று வளர்ந்து, காற்றழுத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஏனெனில், கல்லாக இறுகிய டயர் சொரசொரப்பான சாலையில் துள்ளி ஆற்றலை வீணாக்குகிறது என்பது உறுதிப்பட்டுவிட்டது. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கருங்கல் பாவிய பாதையில் ஓடும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், எவ்வளவு காற்றடிப்பது என்பது அன்று காலைவரை முடிவாகாத கேள்வி.

பந்தய நேரத்தில் மெக்கானிக்கின் இடம் அணிக் காரின் பின் இருக்கை. வீரர்களுக்குப் பின்னால் கார்கள் செல்லும் வரிசை, ஒவ்வோர் அணியின் முதல்நிலை வீரர் தரவரிசையில் பெற்றுள்ள இடத்தைப் பொறுத்தது. கூரையில் நிறுத்தப்பட்ட சைக்கிள்களில் தலைமை வீரருடையது, இறங்கியதும் கைக்கு எட்டும்படி வெளி ஓரத்தில் இருக்கும். பின் சக்கரம் பஞ்சரானால், தேர்ந்த வீரர் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் நிற்பார். அப்போதுதான் சக்கரம் தடங்கலின்றி வெளியே வரும். 2018 முதல் முழுமையாக அனுமதிக்கப்பட்ட டிஸ்க் பிரேக்கும், கவட்டின் ஊடே திருகிச் செருகப்படும் அச்சும் வந்த பிறகு சக்கரம் மாற்றுவது கடினமாகிவிட்டதால், சைக்கிளையே மாற்றிவிடுவது வழக்கமாகி வருகிறது. அதனால்தான் இரண்டாவது சைக்கிள் முதலாவதன் மறுபதிப்பாக இருப்பது முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது.

மறுபதிப்பாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 ஜூலை 14 காட்டியது. டூர் டி பிரான்ஸில் மோன் வான்டூ மலையில் கூட்ட நெரிசலால் நேர்ந்த மோதலில் கிறிஸ் ஃப்ரூமின் சைக்கிள் உடைந்தது. அணிக் காரோ வெகு பின்னால். முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் சட்டையோடு மலைச்சாலையில் ஓடிய அவருக்கு, எல்லா அணிகளுக்கும் பொதுவான உதவி வாகனத்திலிருந்து ஒரு சைக்கிள் கொடுக்கப்பட்டது. அது அவருக்குப் பொருந்தவில்லை. மறு ஆண்டு அந்தப் பொது சைக்கிள்களில், விசையை அழுத்தினால் உயரம் மாறும் இருக்கைத் தண்டுகள் பொருத்தப்பட்டன. எந்த மெக்கானிக்கும் எட்ட முடியாத நொடிகளும் உண்டு: 2010இல் போர் தெ பாலே மலையேற்றத்தில் சங்கிலி கழன்றதால் ஆண்டி ஷ்லெக் அன்று அல்பெர்டோ கொண்டடோரிடம் இழந்தது 39 நொடிகள், பந்தயம் பாரிசில் முடிந்தபோது இருவருக்கும் இடையே இருந்ததும் அதே 39 நொடிகள். ஊக்கமருந்து வழக்கில் கொண்டடோரின் பட்டம் 2012இல் பறிக்கப்பட்டு ஷ்லெக்கிடம் வந்தது என்பது வேறு கதை.

மான்யியின் கதை ஆப்போடு முடிந்துவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் இத்தாலியச் சுற்றில் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்ட அவர், மாவுக்கட்டு வேண்டாம் என்று மறுத்துப் பந்தயத்தைத் தொடர்ந்தார். சமதளத்தில் சமாளித்தாலும், செங்குத்தான மேட்டில் உடலை நிலைநிறுத்த ஹேண்டில்பாரை இடக்கையால் இழுக்க அவரால் இயலவில்லை. சைக்கிளில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை, மாறியிருந்தது உடல்தான். அணியின் மெக்கானிக் ஃபலியெரோ மாசி, டியூப் ஒன்றை வெட்டி, ஒரு முனையை ஹேண்டில்பாரில் கட்டி, மறுமுனையை மான்யியின் பற்களுக்கிடையே கொடுத்தார். மான்யி அந்தப் பந்தயத்தை இரண்டாம் இடத்தில் முடித்தார். டியூபைக் கடித்து இழுத்தபடி அவர் மேடேறும் படம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. டியூபை வெட்டிக் கொடுத்தவர் அதில் இல்லை.