கடலின்மேல் மிதக்கும் கிணற்று நீர்

ஒரு குடம் தண்ணீருக்காக மனிதன் புரிந்த வித்தைகள்தாம் எத்தனை! நம் துலாவைப் போன்றதொரு பொறியால் எகிப்தியர் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே நீர் இறைத்தனர். உரோமரோ கி.மு. 312இல் பத்து மைலுக்கு மேற்பட்ட கால்வாய் அமைத்து நகருக்கு நீர் கொணர்ந்தனர்.

நம் மண்கும்பானில் நிகழும் விந்தை இவற்றினும் பெரிது. வேலணைத் தீவைச் சுற்றிலும் உப்புக்கடல். எனினும் இங்குள்ள மணலைத் தோண்டினால் நன்னீர் சுரக்கிறது! இஃது எங்ஙனம்? மணலூடே இறங்கும் மழைநீர், கடல்நீரைவிடப் பாரம் குறைந்ததாதலின், நிலத்தடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது.

இத்தீவுக்கு லெய்டன் எனப் பெயரிட்டவர் ஒல்லாந்தர். இவ்விந்தைக்குக் கணக்குக் கண்டவர்களுள் ஒருவரும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒல்லாந்தப் பொறியியலாளர் படோன் கெய்பனே. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்குமாம்.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும்! ஆதலின் அளவுக்கு மிஞ்சி இறைப்போர் உவரை வரவழைக்கின்றனர். மணலை வாரிச் செல்வோர் மழைநீர் தங்கும் பாத்திரத்தையே கொண்டுசெல்கின்றனர். முன்னோர் துலாவால் அளந்து இறைத்த நீரை நாம் விசைப்பம்பியால் இறைக்கிறோம். அளவை மட்டும் மறவாதிருப்போமாக.