பழைய புல்லட்டின் எஞ்சின் ஆயில்: நிறம் மாறினால் எதைப் பார்ப்பது?

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அடிப்படை மாறாமல் வெளிவந்தது. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களில் அப்பா வாங்கிய புல்லட்டை மகன் ஓட்டுவது இன்றும் இயல்பாக இருப்பதற்கு அந்த நீண்ட ஆயுளே காரணம். அத்தகைய வண்டியின் ஆயில் மூடியைத் திறக்கும்போது பால் கலந்த காபி நிறத்தில் நுரை தென்பட்டால், கார்களுக்குச் சொல்லப்படும் விளக்கத்தை இதற்கும் பொருத்தி, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டி எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். புல்லட் காற்றால் குளிரும் எஞ்சின். அதில் ரேடியேட்டரும் இல்லை, கேஸ்கட் வழியாக ஆயிலில் கலப்பதற்குக் குளிர்விக்கும் நீரும் இல்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறினாலும், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் சிறு பகுதி, எஞ்சின் நன்றாகச் சூடேறாத நிலையில் உட்சுவரில் குளிர்ந்து துளியாகி ஆயிலோடு கடைந்து வெண்மையாகிறது. மார்கழி விடியலில் வண்டியை எடுத்து, பால் சொசைட்டி வரை போய்த் திரும்பி நிறுத்திவிடுபவரின் எஞ்சினில் இது நிகழாமல் இருந்தால்தான் வியப்பு. நுரை மூடியின் அடியில் மட்டும் படிந்திருந்து, ட்ரெயின் போல்ட் வழியே இறங்கும் ஆயில் தெளிவாக இருந்தால், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை ஒருமுறை போய்வந்தாலே எஞ்சின் சூட்டில் அந்த நீர் ஆவியாகிவிடும். இறங்கும் ஆயிலே வெண்மையாக இருந்தால் மழைநீரோ வாட்டர் வாஷ் நீரோ உள்ளே புகுந்திருக்கிறது என்று கொண்டு, ஆயிலை முழுவதும் மாற்றுவதே சரி. ஐயம் இருந்தால், சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டுப் பார்க்கலாம். நீர் கலந்த ஆயில் படபடவென வெடிக்கும்.

நிறத்தைவிட அளவே அதிகம் ஏமாற்றுகிறது. இந்த எஞ்சின் 'டிரை சம்ப்' அமைப்பைக் கொண்டது. அதாவது, ஆயில் கிராங்க்கின் அடியில் தேங்கி நிற்காமல் தனி அறையில் இருக்க, ஒரு பம்ப் அதை எஞ்சினுக்கு அனுப்ப, மற்றொரு பம்ப் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. திருப்பும் பம்பின் கொள்ளளவு அதிகமாதலால் அது ஆயிலோடு காற்றையும் இழுக்கும்; எனவே எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே குமிழிகளோடு ஆயில் வந்து விழுவது நோயன்று, நலத்தின் அடையாளமே. பல நாள் நின்ற வண்டியில் அறையிலுள்ள ஆயில் கிராங்க் பகுதிக்குக் கசிந்து இறங்கிவிடுவதால் டிப் ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றுவது இவ்வண்டிகளுக்கு அடிக்கடி இழைக்கப்படும் தீங்கு. மிகுதியான ஆயில் பிரீதர் குழாய் வழியே பீய்ச்சி வெளியேறும். சில நிமிடங்கள் ஓடவிட்ட பின் அளப்பதே முறை. இதற்கு மாறாக, ஊற்றாமலே அளவு ஏறி, ஆயில் நீர்த்துப் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று பொருள். பெட்ரோல் குழாயை மூடாமல் இரவில் நிறுத்தும் பழக்கம் அதை விரைவுபடுத்தும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக்கூடாது.

கறுப்பு நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்றைய ஆயில்களில் உள்ள அழுக்கு நீக்கி, பல ஆண்டுப் படிவுகளைக் கரைத்துத் தன்னோடு ஏந்திக்கொள்வதால், புதிய ஆயில் சில நாட்களிலேயே கறுப்பது பழைய எஞ்சினில் இயல்பே. மின்னும் துகள்கள்தாம் உண்மையில் கவனிக்கத்தக்கவை. வடித்த ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் நீரும் துகளும் அடியில் தங்கும். மேலுள்ள ஆயிலைச் சாய்த்து ஊற்றிவிட்டு அடிமண்டியை வெள்ளைத்துணியில் பரப்பி வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. அது மயிரிழை போன்ற மென்பொடியாக இருந்தால் எஞ்சினுக்குள் உள்ள பற்சக்கரங்களின் வழக்கமான தேய்மானம். பொன்னிறம், பிஸ்டன் பின்னைத் தாங்கும் வெண்கல புஷ்ஷைக் குறிக்கும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதில், அலுமினிய பிஸ்டனிலிருந்தும் வரலாம், கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டில் உள்ள மிதவை புஷ்ஷின் வெள்ளை உலோகப் பூச்சிலிருந்தும் வரலாம். அச்செதிலோடு, வேகம் கூட்டும்போது அடியிலிருந்து கனத்த தட்டல் ஒலியும் கேட்டால், அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

எஞ்சின், கிளட்ச் உள்ள இடப்பக்கப் பிரைமரி அறை, கியர் பாக்ஸ் ஆகிய மூன்றுக்கும் இவ்வண்டியில் தனித்தனி மசகு உண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. எஞ்சின் ஆயில் புகையாமல், வெளியே ஒழுகாமல் குறைந்துகொண்டே போய், பிரைமரி அறையில் அளவு ஏறிக்கொண்டே வந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. அதை எஞ்சினைப் பிரிக்காமல், இடப்பக்கக் கவரையும் கிளட்ச்சையும் கழற்றியே மாற்றிவிட முடியும்.