கோபுரம் ஊமையானால் செய்தி போகுமா?

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாகியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

இப்படிப்பட்ட வேளையில் மின்சாரம் நின்றுவிடும். செல்போன் கோபுரத்தில் உள்ள பாட்டரியும் தீர்ந்தால் கோபுரம் ஊமையாகிவிடும். பிறகு, கையில் போன் இருந்தும் பேச முடியாது!

ஏன்? அடுத்த வீட்டுக்காரருடன் பேசினாலும், பேச்சு கோபுரத்துக்குப் போய்த்தான் திரும்புகிறது.

ஆளுக்கு ஆள்

கோபுரம் இல்லாமலே செய்தி அனுப்ப விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இதில் ஒவ்வொரு கருவியும் ஒரு தபால்காரர்! வளவனூரில் அனுப்பும் செய்தி, கருவிக்குக் கருவி கை மாறி, கோலியனூர் வழியாக விழுப்புரம் போய்ச் சேரும்.

ஆனால், இந்தத் தபால்காரர்கள் ஓர் இடத்தில் நிற்பவர்கள் அல்ல. சற்று முன் தெருமுனையில் இருந்தவர், இப்போது நிவாரண முகாமில் இருப்பார். அப்படியானால் செய்தியை யாரிடம் கொடுப்பது? இதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறை

யாரிடம் எப்படிப் போவது என்ற பட்டியலை ஒவ்வொரு கருவியும் எப்போதும் தயாராக வைத்திருக்கும். அதை அடிக்கடி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் ஒன்று 'டி.எஸ்.டி.வி.' சார்லஸ் பெர்கின்ஸ், பிரவீண் பகவத் ஆகிய இருவரும் 1994-ல் இதை வெளியிட்டார்கள்.

செய்தி உடனே புறப்படும். அது லாபம். யாரும் பேசாதபோதும் பாட்டரி செலவாகும். அது நஷ்டம்.

இரண்டாம் முறை

செய்தி வந்த பிறகுதான் வழி கேட்கும். "விழுப்புரத்துக்கு வழி தெரியுமா?" என்று பக்கத்துக் கருவியைக் கேட்கும். அது அடுத்ததைக் கேட்கும. பதில், கேள்வி வந்த வழியே திரும்பும். 'ஏ.ஓ.டி.வி.', 'டி.எஸ்.ஆர்.' ஆகியவை இந்த வகை. இதில் முதல் செய்திக்குச் சற்றுத் தாமதம் ஆகும்.

எது மேல்?

1998-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் இவற்றைக் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். 50 கருவிகள் அங்கும் இங்கும் நகர்வதாக வைத்துக்கொண்டார்கள்.

கருவிகள் அதிகம் நகராதபோது 'டி.எஸ்.டி.வி.' நன்றாக வேலை செய்தது. ஓயாமல் நகர்ந்தபோது அதன் பட்டியல் பழசாகிவிட்டது. பல செய்திகள் தொலைந்தன. அப்போதும் கேட்டு அனுப்பும் இரண்டு முறைகளும் பெரும்பாலான செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

நமக்கு எது?

முகாம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் நிலையாக வைக்கும் கருவிகளுக்குப் பட்டியல் முறை ஏற்றது. படகிலும் லாரியிலும் போகும் மீட்புப் படையினருக்குக் கேட்டு அனுப்பும் முறை ஏற்றது.

எந்த முறையானாலும் சங்கிலி அறுந்தால் செய்தி நின்றுவிடும். சாதாரணப் போனின் 'வைபை' அலை, திறந்த வெளியில்கூடச் சுமார் 100 மீட்டர்தான் எட்டும். வளவனூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே வயல்வெளி இருக்கிறது. அங்கே யார் போனுடன் நிற்பார்கள்?

ஆகவே, உயரமான கட்டிடங்களில் தூரம் எட்டும் ரேடியோ கருவிகளைப் புயலுக்கு முன்பே பொருத்தவேண்டும். அவற்றுக்குத் தனி பாட்டரியும் வேண்டும். "மொட்டை மாடியில் சிக்கியிருக்கிறோம்" என்ற செய்தி காலத்தில் போய்ச் சேர்ந்தால்தான் படகு வரும்!