வைபை: பூட்டும் திறப்பும்

வைபை அலைகளுக்குச் சுவர் தெரியாது. நம் வீட்டு ரவுட்டர் பேசுவது வீதியில் நிற்பவரின் கணினிக்கும் கேட்கும். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு இரகசியக் குறியீட்டால் பூட்டுப் போடுகிறார்கள்.

முதலில் வந்த டபிள்யூ.ஈ.பீ. என்ற பூட்டின் ஓட்டையை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவரும் வெளிப்படுத்தினர். 2004இல் வந்த டபிள்யூ.பீ.ஏ.2 உறுதியானது. அப்படியானால் ஆபத்து எங்கே? பெரும்பாலும் நாம் வைக்கும் திறப்பில்தான்.

போன் ரவுட்டரோடு இணையும்போது நான்கு செய்திகள் பரிமாறப்படும். அவற்றில் பாஸ்வேர்ட் இராது. ஆனால், ஊகித்த பாஸ்வேர்ட் சரியா என்று பார்க்க அவை போதும். தாக்குபவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு போய், ஆறுதலாக ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார். ரவுட்டருக்குத் தெரியவே வராது. நம்மில் பலர் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைக்கிறோம். 07இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 10 கோடிதான். நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினிக்கு அது சில நிமிட வேலை.

தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். டபிள்யூ.பீ.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள், அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை இரு பாதியாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் அது அகப்பட்டுவிடும். ரவுட்டரில் டபிள்யூ.பீ.ஏ.3 இருந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள்; பிடித்துக்கொண்டு போய் ஊகிக்கும் வழியை அது அடைக்கிறது.

தாக்கும் வழி தெரிந்தால்தான் காக்கும் வழி புரியும். ஆனால் பரிசோதனை சொந்த ரவுட்டரோடு நிற்கட்டும். அனுமதியின்றி அடுத்தவர் வலையமைப்பில் நுழைவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்.