அவசர அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பும் காலத்தாழ்வும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வயதுவந்தோருக்குச் செய்யப்படும் அவசர வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பு நேர்வதற்கான இடர்க்காரணிகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றுள் காலத்தாழ்வு என்னும் காரணி நோயாளியைச் சார்ந்ததா, அவர் வாழும் இடத்தைச் சார்ந்ததா என்னும் வினாவை ஜவ்வாது மலையின் நிலவியல் சூழலோடு பொருத்தி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அவசர அறுவை சிகிச்சை, இடர்க்காரணி, காலத்தாழ்வு, வயிற்று உறையழற்சி, ஜவ்வாது மலை.

முன்னுரை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இங்கு மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவியும் மகப்பேறு கவனிப்பும் கிடைக்கின்றன. ஆயின் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு மலையிலிருந்து இறங்கியே ஆகவேண்டும். எனவே, குடலில் துளை விழுந்த ஒருவரின் உயிர், அறுவை அரங்கிற்கு வெளியே கழியும் மணிநேரங்களையும் சார்ந்துள்ளது.

நோயாளியைச் சார்ந்த காரணிகள்

முதுமை, இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நாட்பட்ட நோய்கள், நீரிழிவு, புற்றுநோய், இரத்தசோகை, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியன இறப்பு வாய்ப்பை உயர்த்துவன. திட்டமிட்ட அறுவை சிகிச்சையில் இவற்றைச் சீர்செய்யக் கால இடைவெளி உண்டு. அவசர நிலையில் அவ்வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் உடல்நிலை வகைப்பாட்டில் அவசர நோயாளிக்குத் தனிக்குறி இடப்படுகிறது.

நோயின் கடுமையைச் சார்ந்த காரணிகள்

குறைந்த இரத்த அழுத்தம், நச்சேற்றம், உறுப்புச் செயலிழப்பு, வயிற்றறையில் மலம் கலந்திருத்தல் ஆகியன இரண்டாம் வகையின. 1987இல் வெளிவந்த மன்ஹைம் உறையழற்சிக் குறியீடு இவற்றை எண்களாக்கியது. 50 வயதைக் கடந்தமைக்கு 5, உறுப்புச் செயலிழப்புக்கு 7, மலக்கழிவு கலந்தமைக்கு 12 எனப் புள்ளிகள் வழங்கப்பட்டு, மொத்தம் 47 வரை கணக்கிடப்படுகிறது. உறையழற்சி தோன்றி 24 மணிநேரம் கடந்திருந்தால் 4 புள்ளிகள் சேரும்.

அதே ஆண்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த போயி குழுவினர் சிறுகுடற்புண் துளைக்கு மூன்று காரணிகளை உறுதிசெய்தனர். கடுமையான உடனிருக்கும் நோய், அறுவைக்கு முன்னரே இரத்த அழுத்தம் வீழ்தல், துளை விழுந்து 24 மணிநேரம் கடத்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றும் இல்லாதோரில் எவரும் இறக்கவில்லை. ஒன்று இருந்தோரில் 10 விழுக்காட்டினரும், இரண்டு இருந்தோரில் 45.5 விழுக்காட்டினரும், மூன்றும் இருந்தோர் அனைவரும் இறந்தனர்.

காலத்தாழ்வு செயற்படும் முறை

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ துளை விழும்போது முதலில் அமிலம் வயிற்றறையை எரிக்கிறது. வலி கத்தி குத்தியதுபோல் எழுகிறது. சில மணிநேரத்தில் உறையிலிருந்து ஊறும் நீர் அமிலத்தின் செறிவைக் குறைப்பதால் வலி தணிந்ததுபோலத் தோன்றும். இத்தணிவு ஏமாற்றும் தன்மையது. அதன்பின் நுண்ணுயிர்த் தொற்று பரவி, குருதியில் நச்சேறி, சிறுநீரகமும் நுரையீரலும் தளர்கின்றன. இரவில் சாலையற்ற குக்கிராமத்தில் இருக்கும் குடும்பம், வலி தணிந்ததைக் கண்டு விடியும்வரை காத்திருப்பது இயல்பே. இழக்கக்கூடாத நேரமும் அதுவே.

டென்மார்க்கில் 2,668 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தபின் அறுவைக்கு ஆகும் ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் உயிர்பிழைக்கும் வாய்ப்பை 2.4 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. மருத்துவமனைக்கு வந்துசேர்வதற்கு முன் கழியும் நேரம் இக்கணக்கில் அடங்காது.

இடத்தைச் சார்ந்த காரணிகள்

தாடியஸ், மெய்ன் ஆகியோர் 1994இல் மகப்பேற்று இறப்பை விளக்க மூன்று தாமதங்களை முன்வைத்தனர். சிகிச்சை நாட முடிவெடுத்தல், மருத்துவமனையை அடைதல், அங்குத் தகுந்த சிகிச்சை பெறுதல் ஆகியவற்றில் நேர்வன அவை. இப்பகுப்பு அவசர அறுவைக்கும் பொருந்தும். தமிழகத்தில் 2008 முதல் 108 அவசர ஊர்தி இயங்குகிறது. ஆயினும் ஊர்தி சாலை முடியுமிடம் வரையே வரும். அதற்கப்பால் டோலி கட்டித் தூக்கிவரும் நிலை உண்டு. 2023 மே மாதம் வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைச் சாலையின்மையால் தாயே சுமந்து நடந்த நிகழ்வு, இரண்டாம் தாமதத்தின் கொடுமையை நாடறியச் செய்தது.

2015ஆம் ஆண்டின் லான்செட் உலக அறுவை சிகிச்சை ஆணையம், வயிற்றறுவை உள்ளிட்ட மூன்று அடிப்படைச் சிகிச்சைகள் இரண்டு மணிநேரப் பயணத்திற்குள் கிடைக்கவேண்டும் என வரையறுத்தது. 58 நாடுகளில் 10,745 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், அவசர வயிற்றறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு மனிதவள மேம்பாடு மிகுந்த நாடுகளில் 4.5 விழுக்காடாகவும் குறைந்த நாடுகளில் 8.6 விழுக்காடாகவும் இருந்தது.

அளவீட்டின் குறை

மேற்கண்ட குறியீடுகள் 24 மணிநேரம் என்பதை நோயாளியின் பண்புபோலவே பதிகின்றன. அவற்றுள் எத்தனை மணிநேரம் தயக்கத்தால் கழிந்தது, எத்தனை மணிநேரம் பாதையில் கழிந்தது என்பது பதிவாவதில்லை. மேலும், வழியிலேயே இறந்தவர் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்புக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆகவே ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதம் குறைவாக இருப்பது, அதனைச் சூழ்ந்த மலையூர்களில் இறப்பு குறைவு என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

முதுமையை மாற்ற இயலாது. காலத்தாழ்வைக் குறைக்க இயலும். பலகைபோல் இறுகிய வயிற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இனங்காணல், உடனே நரம்புவழித் திரவமும் நுண்ணுயிர் எதிர்மருந்தும் தொடங்குதல், அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு முன்னறிவித்து நேரே அனுப்புதல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. வலி தொடங்கிய நேரம், வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம், சாலையை அடைந்த நேரம், அறுவை தொடங்கிய நேரம் என நான்கையும் நோயாளியின் குறிப்பேட்டில் தனித்தனியே பதிதல் வேண்டும். அப்பதிவு இருப்பின், இறப்புக்கான காரணம் உடலில் இருந்ததா, பாதையில் இருந்ததா என்பது புலப்படும்.