தானே நகரும் ஃபேடர்: எதை நினைவில் வைக்கும், எதை மறக்கும்?

கலைநிகழ்ச்சிக்குப் போனால் மேடையையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள். மண்டபத்தின் கடைசியில், அரை இருட்டில், ஒருவர் பெரிய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். அதுதான் ஒலிக்கலவை மேசை. மிக்ஸர் என்றால் எல்லாருக்கும் புரியும். பாட்டு முடிந்து நடனம் தொடங்கும் நேரத்தில் அவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவார். மேசையில் வரிசையாக இருக்கும் பிடிகள், யாரும் தொடாமலேயே சர்ரென்று மேலும் கீழும் ஓடி, புதிய இடங்களில் போய் நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் "யாரோ கண்ணுக்குத் தெரியாமல் தள்ளுகிறார்களா?" என்று கேட்பதுண்டு.

அந்தப் பிடிக்குப் பெயர் ஃபேடர். ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒன்று. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் தூரம் ஓடக்கூடியது. தானே நகரும் ஃபேடரின் அடியில் சின்ன மோட்டாரும் அதைப் பிடியோடு இணைக்கும் மெல்லிய பட்டையும் இருக்கும். பிடி இப்போது எங்கே நிற்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஒரு தடம் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை நினைவகம் சொல்லும். இரண்டும் ஒன்றாகும் வரை மோட்டார் சுற்றும். அவ்வளவுதான் விஷயம்.

முன்பெல்லாம் ஒரு பாட்டின் பல தடங்களைக் கலக்கும்போது இரண்டு மூன்று பேர் மேசையைச் சூழ்ந்து நிற்பார்கள். பல்லவியில் வயலினை ஏற்றுவது ஒருவர் பொறுப்பு, சரணத்தில் தபேலாவை இறக்குவது இன்னொருவர் பொறுப்பு. ஒருவர் கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சிரமத்தைத் தீர்க்கத்தான் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் 1977இல் 'நெக்காம்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோ அதை முதலில் பயன்படுத்திய கூடங்களில் ஒன்று. ஒருமுறை கை செய்ததைக் கணினி நினைவில் வைத்து, மறுமுறை மோட்டாரால் அப்படியே செய்துகாட்டியது. பத்தாண்டு கழித்து, 1987இல், யமாஹாவின் டி.எம்.பி.7 என்ற சிறிய மின்னிலக்க மேசையிலும் மோட்டார் ஃபேடர்கள் வந்தன.

மின்னிலக்க மேசையில் மோட்டாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேடையில் 48 ஒலிவாங்கிகள் இருக்கலாம், மேசையில் 16 ஃபேடர்கள் மட்டும் இருக்கலாம். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த 16 ஒலிவாங்கிகள் அதே ஃபேடர்களுக்கு வரும். மோட்டார் இல்லாவிட்டால் பிடி பழைய இடத்திலேயே நிற்கும். கண் பார்ப்பது ஒன்று, காது கேட்பது வேறொன்று என்றாகிவிடும்.

இனிதான் சிக்கலான பகுதி. அனலாக் ஒலியின் இதத்தை விடவும் மனமில்லை, மின்னிலக்க நினைவாற்றலும் வேண்டும் என்பவர்களுக்காக வந்தவை கலப்பு மேசைகள். எஸ்.எஸ்.எல். நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஏ.டபிள்யூ.எஸ். 900 நல்ல எடுத்துக்காட்டு. ஒலி அனலாக் பாதையில் போகும். ஆனால் அதே ஃபேடர்களைக் கணினியிலுள்ள ஒலிப்பதிவு மென்பொருளை இயக்கும் பிடிகளாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபேடருக்கு மேலே, ஒவ்வொரு வரிசையிலும் 'கெயின்' என்ற குமிழ் ஒன்று இருக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை முதலில் பெரிதாக்குவது அதுதான். முழு மின்னிலக்க மேசைகள் பலவற்றில் கெயினும் நினைவில் பதிவாகும். கையால் திருகும் அனலாக் குமிழுக்கு மோட்டாரும் கிடையாது, பல மேசைகளில் நினைவும் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல். கொண்டுவந்த 'டோட்டல் ரீகால்' வசதிகூட, குமிழ்கள் முன்பு நின்ற இடங்களைத் திரையில்தான் காட்டியது. பார்த்துப் பார்த்துத் திருகிவைத்தது உதவியாளரின் கைதான்!

சாங்கியில் உள்ள சிங்கப்பூர் எக்ஸ்போவில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். 1999இல் திறக்கப்பட்ட எக்ஸ்போவில் இப்போது பத்து மண்டபங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 சதுர மீட்டர், நடுவில் தூணே இல்லை. கண்காட்சிக்கு அருமையான இடம். கச்சேரிக்கு? எதிரொலியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பிற்பகலில், நாற்காலிகள் காலியாக இருக்கும்போது ஒத்திகை. வீணை வாசிக்கும் மாணவிக்கு ஃபேடரை ஓர் இடத்தில் வைத்துப் பதிவுசெய்கிறார் ஒலிப் பொறியாளர். பிறகு அறிவிப்பாளரின் குரல் சன்னமாக இருக்கிறது என்று அதே ஒலிவாங்கியின் கெயினைக் கையால் 6 டெசிபெல் கூட்டிவிடுகிறார். இரவில் வீணைக்குரிய பொத்தானை அழுத்துகிறார். ஃபேடர் ஒத்திகையில் நின்ற இடத்துக்குத் துல்லியமாக வந்து நிற்கிறது. ஆனால் ஒலி 6 டெசிபெல் அதிகம், அதாவது மின்னலை இரண்டு மடங்கு. ஒலிபெருக்கியின் சத்தம் ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்து மண்டபமே ஊளையிடும். பல மாதம் பயிற்சி செய்த பிள்ளை மேடையில் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். நேரடி ஒளிபரப்பாக இருந்தால் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியும் அதைத்தான் கேட்பார்கள். மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன இடத்தில்தானே அது நின்றது?

கெயினைத் தொடாவிட்டாலும் மண்டபம் மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வந்து உட்கார்ந்தால் அவர்களின் உடலும் உடையும் ஒலியை, குறிப்பாக மேல்சுருதி ஒலியை, உறிஞ்சிக்கொள்ளும். எதிரொலி குறையும், கூட்டத்தின் பேச்சுச் சத்தம் கூடும். மாலை நான்கு மணிக்குச் சரியாக இருந்த இடம் இரவு எட்டு மணிக்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்குச் சில வழிகள் உண்டு. ஒலிச் சோதனை முடிந்ததும் கெயின் குமிழ்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பாளருக்கும் வீணைக்கும் ஒரே ஒலிவாங்கி என்ற சிக்கனத்தை விட்டுவிடலாம். இருபது வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய் நிகழ்ச்சியையே கெடுத்துக்கொள்வானேன்? பல மேசைகளில், குறிப்பிட்ட ஃபேடரை மட்டும் நினைவகம் தொடாதபடி விலக்கிவைக்கும் வசதியும் இருக்கிறது. முதன்மைப் பாடகரின் ஃபேடரை அப்படி விலக்கி, கையோடு வைத்துக்கொள்வது நல்லது. மற்றவற்றை மோட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஓடுகிற ஃபேடரை விரலால் அழுத்திப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தொடுதலை உணரும் வகையாக இருந்தால் விரல் பட்டதும் மோட்டார் விட்டுக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் மோட்டாரும் பட்டையும்தான் தேயும். ஃபேடர் தடத்துக்குத் தூசியும் ஈரமும் ஆகாது. வேலை முடிந்ததும் மேசையை உறை போட்டு மூட வேண்டும். கோப்பிக் குவளையை அதன்மேல் வைக்கவே கூடாது.